உஷார்! ஆக்சில் தாங்கும்... சேசிஸ் தாங்குமா?

பழைய செவர்லே கே10 பிக்கப்புக்கு டானா 60 முன் ஆக்சில் மாட்டப் போகிறீர்களா? ஏற்கெனவே மாட்டிய வண்டி ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்களா? ஸ்பேனரையும் பணத்தையும் கொஞ்சம் கீழே வையுங்கள். முதலில் ஓட்டுநர் பக்கம், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் உட்கார்ந்திருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நாற்பது வருஷத்து கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடக்கும். கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு, போல்ட் துளைகளைச் சுற்றிலும் பாருங்கள். துளையின் ஓரத்திலிருந்து முடி கனத்தில் ஒரு கோடு கிளம்பி, அதன் மேல் துருவின் செம்மை படிந்திருந்தால், அது பெயின்ட் கீறல் இல்லை, விரிசல். சந்தேகமாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். சேசிஸ் தகடு உள்ளேயும் வெளியேயும் அசைவது கண்ணுக்கே தெரியும்.

1973 முதல் 1987 வரை வந்த ஜிஎம் நான்கு சக்கர இழுவை பிக்கப்புகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கம்பெனி டயரோடு, கம்பெனி உயரத்தோடு ஓடிய வண்டிகளிலேயே இந்த இடம் பிளந்திருக்கிறது. அப்படியிருக்க, டானா 60 மாட்டுகிறவர் யாரும் அதோடு நிற்பதில்லை. 'ஆக்சில்தான் கனமாகிவிட்டதே' என்று 37 அங்குல டயரும் போட்டுவிடுகிறார். அந்த டயரைத் திருப்பும் பலம் முழுவதும் அதே மெல்லிய தகட்டின் மேல்தான் விழுகிறது. குடிசை நிலைக்குக் கோட்டைக் கதவு மாட்டினால் உடைவது கதவு இல்லையே.

ஆசை ஏன் வருகிறது என்பது புரிகிறது. கே10-இல் கம்பெனி கொடுத்தது, ஆண்டைப் பொறுத்து, டானா 44 அல்லது ஜிஎம்மின் சொந்தப் பத்து போல்ட் ஆக்சில். இரண்டிலும் கிரௌன் வீல் 8.5 அங்குலம். டானா 60-இல் 9.75 அங்குலம். உள் ஷாஃப்டில் 35 ஸ்பிளைன், பழைய டானா 44-இல் 30தான். பெரிய டயரோடு பாறையில் ஏறி ஜாயின்ட்டை உடைத்தவருக்கும், முன்னால் பனி தள்ளும் பிளேடு மாட்டுகிறவருக்கும், கனமான டீசல் இன்ஜினை இறக்குகிறவருக்கும் இது தங்கப் புதையல் மாதிரித்தான் தெரியும். 1977 முதல் 1991 வரை வந்த ஒரு டன் செவர்லே வண்டிகளின் முன் ஆக்சில் கே10-இன் ஸ்பிரிங் பட்டைகளிலேயே ஏறக்குறைய அப்படியே உட்காரும். 'போல்ட் போட்டால் முடிந்தது, ஒரு சனி ஞாயிறு வேலை' என்ற பேச்சு அதனால்தான் பரவியது. அந்தப் பேச்சில் 'ஏறக்குறைய' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை! ஆக்சில் குழாய் தடித்தது, விட்டம் 3.125 அங்குலம். பழைய யு போல்ட் சேராது; வேறு சைஸில் புதிதாகத்தான் போட வேண்டும். சில நூறு மைல் ஓடியதும் மறுபடி டைட் செய்ய வேண்டும். பழைய ஆறு போல்ட் வீல் எதுவும் ஏறாது. முன்னால் எட்டு, பின்னால் ஆறு என்று நின்றால் ஒரு ஸ்டெப்னி போதாது. பெரும்பாலான 15 அங்குல வீல் காலிப்பரில் இடிக்கும்.

இந்த ஆக்சிலுக்குக் கிராக்கி அதிகம், அதனால் ஏமாற்று வேலையும் அதிகம். எட்டு போல்ட் ஹப்பைக் காட்டி 'இது 60' என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். முக்கால் டன் கே20-க்கும் எட்டு போல்ட்தான். உள்ளே இருப்பது அதே 8.5 அங்குலச் சரக்கு. சக்கரம் திரும்பும் முட்டியின் மேல் பக்கம் பாருங்கள். நான்கு போல்ட் போட்ட மூடி இருந்தால் கிங் பின், ஒரு டன் சரக்கு. பால் ஜாயின்ட் தெரிந்தால் கையை உதறிவிட்டு வந்துவிடுங்கள். ஃபோர்டு ஆக்சில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படவும் வேண்டாம். இந்தச் செவர்லேயில் முன் டிரைவ் ஷாஃப்ட் பயணி பக்கம் வருகிறது, அந்த ஃபோர்டு ஆக்சிலில் பினியன் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றினால் ஒழிய இரண்டும் சந்திக்காது.

அடுத்த கண்ணி, கியர் விகிதம். பின்னால் 3.73, முன்னால் வந்து சேர்ந்தது 4.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப் லாக் செய்யாமல் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது, வண்டி வெண்ணெய் போல ஓடும். முதல் பனி விழுந்த அன்று நான்கு சக்கரத்தையும் இணைத்தால் முன் சக்கரம் 100 அடி போகும் நேரத்தில் பின் சக்கரம் 110 அடி போகத் துடிக்கும். பனியில் டயர் வழுக்கிக்கொடுக்கும். நடுவில் காய்ந்த ரோடு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸோ ஜாயின்ட்டோ கழன்று கையில் வரும். ஆக்சிலில் தொங்கும் தகரச் சீட்டை நம்பாதீர்கள். உள்ளே எத்தனை பேர் கை வைத்தார்களோ! மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள்: கிரௌனில் 41, பினியனில் 10 என்றால் 4.10, பினியனில் 9 என்றால் 4.56. பின்னாலும் அதுவே இருக்க வேண்டும்.

பிரேக்கிலும் கவனம் தேவை. ஒரு டன் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதிக ஆயில் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு விட்டால் பெடல் ஆழமாக இறங்கும். ஹோஸ் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது பாருங்கள்.

'ஒரு டன் ஆக்சில் போட்டாச்சு, இனி ஒரு டன் ஏற்றலாம்' என்ற கணக்கைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எடை வரம்பு ஆக்சிலை மட்டும் பார்த்துப் போட்டதில்லை. சேசிஸ், பட்டை, பிரேக், வீல், டயர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வண்டி செய்தவர் அந்த எண்ணைக் கொடுத்தார். நீங்கள் ஒன்றை மாற்றியதால் அது ஒரு பவுண்டுகூட ஏறாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடிப்பது நல்லதில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது ஸ்டியரிங் ஆட்டம். அமெரிக்க மெக்கானிக்குகள் அதை 'டெத் வாபிள்' என்றே சொல்கிறார்கள். மணிக்கு 50 மைல் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான், முன் சக்கரம் இரண்டும் இடம் வலமாக வெறிபிடித்து அடிக்கும், ஸ்டியரிங் கையைப் பிய்க்கும். காரணம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, கிங் பின். மேலே ஒரு கூம்பு, அதைச் சுற்றி புஷ், மேல் மூடிக்குள் அதை அழுத்தும் ஸ்பிரிங், கீழே ஒரு டேப்பர் பேரிங். பழைய இரும்புக் கடையில் பல வருஷம் மழையில் கிடந்த ஆக்சிலில் அந்த புஷ் தேய்ந்து, ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கும். சக்கரத்தைத் தூக்கி, உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டினால் 'டக் டக்' என்று சொல்லிவிடும். இரண்டாவது, காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. வண்டியை உயர்த்தினால் முன் டிரைவ் ஷாஃப்ட் செங்குத்தாகி அதிரும். அதை அடக்க, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியனை மேலே தூக்குகிறார்கள். பினியன் எத்தனை டிகிரி ஏறுகிறதோ அத்தனை டிகிரி காஸ்டர் போய்விடும். ஷாஃப்ட் அமைதியாகும், ஸ்டியரிங்குக்கு நேர் பாதை மறந்துபோகும். சரியான வழி, முட்டியைத் தாங்கும் வார்ப்பை அறுத்துத் திருப்பி வெல்டிங் செய்வது. அதை வீட்டு வாசலில் செய்யக் கூடாது. அளவெடுத்து, சூடேற்றி, முறையாகச் செய்யத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

ஆட்டத்தை மறைக்க ஸ்டியரிங் ஸ்டெபிலைசரை இரட்டையாகப் போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. வாங்கப் போகும் வண்டியில் அப்படி இரண்டு இருந்தால், அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சம்மதமா என்று கேளுங்கள். விற்பவர் முகம் மாறினால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சேசிஸில் விரிசல் கண்டால் மேலோடு ஒரு வெல்டிங் இழுத்து மூடிவிடாதீர்கள். விரிசல் முடியும் புள்ளியில் சின்னத் துளை போட்டு, பள்ளம் தேய்த்து, வெல்டிங் நிரப்பி, அதன் மேல் ஸ்டியரிங் பாக்ஸுக்கென்றே விற்கும் கனமான தாங்கு தகட்டைப் பூட்ட வேண்டும். விரிசல் இல்லாவிட்டாலும் அந்தத் தகட்டைப் போட்ட பிறகே ஆக்சிலைத் தொடுங்கள்.

ஓடும்போது ஆட்டம் பிடித்துக்கொண்டால் பிரேக்கை மிதித்து அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட்டு ஓரம் கட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டதே, மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப்போய்விடலாம் என்று கிளம்ப வேண்டாம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.