கூடை முதுகுக்குப் பொருந்துதா?

யாழ்ப்பாணத்தில் பனையோலைக் கடகத்தைத் தலையில் தூக்குகிறவர்கள் முதலில் சும்மாடு வைப்பார்கள். கொழுந்துக் கூடையின் கயிறும் நம் தலையில்தான் அழுந்துகிறது. நாமோ ஒற்றைத் துணியோடு விட்டுவிடுகிறோம்! துணியை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வையுங்கள்.

அதைவிட முக்கியம் அளவு. தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை நூல் பிடித்து அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் முதுகின் நீளம். ஒரே உயரமுள்ள அக்கா தங்கைக்கும் இது ஒன்றாக இருக்காது.

கூடையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கினால் பாரம் பின்னால் இழுக்கும், கழுத்து முன்னால் வளையும். கயிற்றைக் கொஞ்சம் குட்டையாக்குங்க. கூடையே முதுகைவிட நீளமென்றால் சிறியதைக் கேட்டு வாங்குங்கள். மழை நாளில் கொழுந்து ஈரத்தோடு கனக்கும். கூடை முட்ட நிறையும்வரை காத்திராமல், கங்காணியிடம் சொல்லிவிட்டு இறக்கி வையுங்கள்.