உப்பங்கழியின் சிறுமீன்களும் அவற்றைத் தேடிச் செல்வோரும்

மரக்காணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடக்கும் உப்பளங்களையும் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் வெண்குவியல்களையும் காணாமல் அவ்வூரைக் கடக்க இயலாது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரை ஒட்டியே இருந்தது என்று கருதும் அறிஞரும் உளர். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உப்பைப் பற்றி அன்று. உப்பாக மாறும் முன் அந்த நீரில் வாழும் சிறுமீன்களைப் பற்றியும், விடுமுறை நாளில் கைவலையும் கண்ணாடிப் புட்டியும் ஏந்தி அவற்றைக் காணச் செல்லும் இளைஞர்களைப் பற்றியும், அவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டத்தையும் நெறியையும் பற்றியுமே சொல்லப் போகிறேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடப்பது கழுவெளி ஏரி. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது என்று இதனைக் கூறுவர். எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாக இது வங்கக் கடலோடு தொடர்பு கொண்டுள்ளது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகத் தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இப்பகுதியில்தான். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தின்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. பஞ்சத்தில் பிழைக்க வந்த ஏழைகளின் உழைப்பும் அக்கால்வாயில் கலந்திருக்கிறது.

இந்நீர்நிலைகளின் இயல்பு விந்தையானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்ததும் ஊர் ஏரிகளின் மிகைநீர் கழுவெளியில் வந்து சேர, நீர் ஏறத்தாழ நன்னீராகவே ஆகிவிடுகிறது. தை, மாசியில் உவர்ப்பு ஏறத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் பல இடங்கள் வெடித்த சேறாகின்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. உப்பளத்தின் முதல் தேக்கங்களில் அந்த அளவு மேலும் உயர்கிறது; உப்பு படியும் பாத்தியிலோ மீன் எதுவும் வாழ முடியாது. ஆண்டின் ஒரு பாதியில் நன்னீரையும் மறு பாதியில் உவர்நீரையும் தாங்கக்கூடிய உயிர்களே இங்கு நிலைத்து வாழ முடியும். இத்தகைய தாங்குதிறன் கொண்ட மீன்களைக் காண விரும்புவோர் வேறு எங்கும் அலைய வேண்டியதில்லை.

மடவை, கொடுவா, பால்மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் கடலிலிருந்து கழிமுகத்துள் நுழைந்து வளர்கின்றன. இவற்றைச் சந்தை அறியும். சந்தை அறியாதவை வேறு சில. கால்வாய் ஓரத்தில் புல்நிழலில் குனிந்து பாருங்கள். நீரின் மேற்பரப்பை ஒட்டியே, தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, ஒன்றரை அங்குல நீளமுள்ள மீன் ஒன்று அசையாமல் நிற்கும். விலங்கியலார் இதனை அப்லோகீலஸ் இனத்தில் சேர்ப்பர். கொசுவின் புழுக்களை இது விரும்பி உண்கிறது. அதனினும் சிறியதாய், உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ, பெரிய கண்களோடு கூட்டமாகத் திரிவது ஒரைசியாஸ். இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு மீனை 1849-இல் விவரித்தவர் ஜெர்டன் என்னும் மருத்துவர். அக்காலத்தில் இக்கரைக்கு வழங்கிய கருநாடகம் என்ற பெயரையே அவர் அம்மீனுக்கும் சூட்டினார்.

இந்த ஒரைசியாஸுக்கு ஜப்பானில் ஓர் உறவினன் உண்டு, பெயர் மெடாக்கா. 1994-ஆம் ஆண்டில் கொலம்பியா விண்கலத்தில் நான்கு மெடாக்கா மீன்கள் ஏற்றிச் செல்லப்பட்டன. அவை விண்வெளியிலேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன. முதுகெலும்புள்ள உயிர் ஒன்று விண்ணில் இனம் பெருக்கியது அதுவே முதன்முறை. அத்தகைய புகழ் பெற்ற மீனை, வயல் வாய்க்கால் தோறும் திரிந்த மீனை, ஐந்தே ஆண்டுகளில், 1999-இல், ஜப்பானிய அரசு அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. வாய்க்கால்களுக்குச் சிமெண்டுக் கரை கட்டியதும், வயலுக்கும் ஓடைக்கும் இடையே இருந்த வழிகள் அடைபட்டதும், அயல்நாட்டு மீன்கள் புகுந்ததும் காரணங்களாயின. "எங்கும் கிடைக்கிறதே, இதற்கென்ன குறை?" என்று நம்மவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு மெடாக்கா நினைவுக்கு வருகிறது.

நம் மீன்களை உலகுக்கு அறிவித்த வரலாறும் சுவையானது. தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜான் என்னும் பாதிரியார், தாம் சேகரித்த மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பி வந்தார். இந்தியாவைக் கண்ணால் காணாத பிளாக், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் மீன்கள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். நாம் கத்தாளை என்னும் மீனின் இனத்துக்கு ஜானியஸ் என்று பெயர் வந்தது அந்தப் பாதிரியாரை நினைந்தே. அதே தரங்கம்பாடியில் 1791-இல் டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனொன்றைக் கண்டதாக எழுதினார். ஐரோப்பியர் நெடுங்காலம் அதனை நம்பவில்லை. நம் மக்களோ அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயரே இட்டிருந்தனர்.

பின்னர் வந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் உள்நாட்டுப் பெயர்களையும் கேட்டுக் குறித்தார். ஆய்வாளராக மட்டும் அவர் நிற்கவில்லை. நுண்கண் வலைகளாலும் நஞ்சாலும் மீன்வளம் அழிவதை அரசுக்கு எடுத்துரைத்தவருள் அவரும் ஒருவர். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் அவ்வகைக் கவலையின் விளைவே. வெடி வைத்து மீன் கொல்லுதலையும், நீரில் நஞ்சு கலத்தலையும் அச்சட்டம் குற்றமாக்கியது. குறிப்பிட்ட நீர்நிலைகளில் வலையின் கண்ணளவு, நிலையாக நாட்டும் பொறிகள் முதலியவை குறித்து விதி செய்யும் அதிகாரத்தையும் மாநில அரசுக்கு வழங்கியது.

இனி ஆர்வலர் கூட்டங்களுக்கு வருவோம். வட அமெரிக்காவில் நாட்டுமீன் விரும்பிகள் 1972-இலேயே சங்கம் அமைத்தனர். வண்ணமீன் கடைகளில் விற்கும் அயல்நாட்டு மீன்களை விட்டுத் தம் ஊர் ஓடை மீன்களை அறிவது அவர்கள் நோக்கம். கூடும் நாளில் ஓடைக்குச் சென்று வலை வீசிப் பார்ப்பர். ஆனால் அந்தந்த மாநிலத்து உரிமச்சீட்டு இல்லாமல் நீரில் இறங்கமாட்டார்கள். நம் நாட்டில் இவ்வகைக் கூட்டங்கள் பெரும்பாலும் பெயர்ப்பலகை இல்லாதவை. நான்கு கல்லூரி மாணவர், ஒரு பள்ளி ஆசிரியர், கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் பழக்கமான ஒருவர் என்று சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் நீர்க்கரைக்குச் செல்வர். இந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆயினும் எளிமையே சில வேளை அறியாமைக்குத் திரையாகிவிடுகிறது.

என் அறியாமையையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இக்கால்வாயில் நாற்பது சிறுமீன்களைப் பிடித்து ஒரே வாளியில் இட்டுப் பேருந்தில் ஏறினேன். திண்டிவனம் சேர்வதற்குள் பாதி செத்து மிதந்தன. நெருக்கம் ஒரு காரணம். வெப்பம் ஒரு காரணம். வழியில் குழாய்நீர் ஊற்றி உவர்ப்பைத் திடீரென்று குறைத்தது பெருங்காரணம். உவர்ப்பு மாற்றத்தைத் தாங்கும் மீன் என்றால் பல நாளில் மெல்ல மாறுவதைத் தாங்கும் என்றே பொருள். நொடியில் மாறுவதை அன்று. எஞ்சியவற்றை வழியில் கண்ட ஊர்க்குளத்தில் விட்டுவிடலாம் என்று உடன் வந்த மாணவர் சொன்னார். அன்று அது கருணையாகவே தோன்றியது. நல்லவேளையாக நாங்கள் அதனைச் செய்யவில்லை. ஓரிடத்து மீனை வேறிடத்து நீரில் விடுவது, பிடிப்பதைவிடக் கொடிய தவறாக முடியலாம் என்பதைப் பின்னரே கற்றேன்.

இதற்குச் சான்று நம் கண்முன்னே உள்ளது. ஆப்பிரிக்காவின் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான உணவாகும் என்பது நல்லெண்ணமே. இன்று அது ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு தமிழ்நாட்டின் குளந்தோறும் நிறைந்துவிட்டது. கடல்நீரினும் மிகுந்த உவர்ப்பிலும் வாழ வல்லதாதலால் உப்பங்கழியும் அதற்குத் தடையாகவில்லை. கொசுவை ஒழிக்க 1928-இல் வந்த கம்பூசியா மீனின் கதையும் இதுவே. கொசுப்புழுவைத் தின்ன நம் வெள்ளிப்பொட்டு மீன் இருக்கும்போது அயலானை அழைத்த விந்தையை என்னவென்பது!

அயல்மீனால் நெருக்கப்படுவனவற்றுள் ஒன்று, கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் எட்ரோப்ளஸ். 2010-இல் அம்மாநிலத்தின் அரச மீனாகவும் அது அறிவிக்கப்பட்டது. நம் கிழக்குக் கரைக் கழிகளிலும் அது வாழ்கிறது. அதற்கு மஞ்சள் நிறமுடைய சிறிய உறவு மீன் ஒன்றும் உண்டு. இவற்றின் நெருங்கிய சுற்றத்தார் மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றனர் என்றால் வியப்படைவீர்கள். இம்மீன்கள் முட்டையிட்டுவிட்டு ஓடிவிடுவன அல்ல. தாயும் தந்தையும் கல்லிலோ குச்சியிலோ முட்டைகளை ஒட்டவைத்து, துடுப்புகளால் நீரை விசிறிக் காக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரைச் சூழ்ந்து நீந்தும். மஞ்சள் மீனின் குஞ்சுகள் பெற்றோர் உடலில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்பதையும் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அந்நாளில் பெற்றோரைப் பிடித்துவிட்டால், வலைக்குள் வந்தவை இரண்டே எனினும், வெளியே அழிவன நூற்றுக்கணக்கில். சுற்றி நிற்கும் பிற மீன்களுக்கு அக்குஞ்சுகள் சில நிமிடத்து உணவு.

ஆகவே, எப்போது பிடிக்கலாகாது என்பதை உயிரின் வாழ்க்கையே சொல்ல வேண்டும். நாட்காட்டியை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கு, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் செங்கோட்டு மீனின் வரலாறு எடுத்துக்காட்டு. டே 1865-இல் விவரித்த இம்மீனை வணிகர் மிஸ் கேரளா என்பர். 1997-இல் சிங்கப்பூர் வண்ணமீன் கண்காட்சியில் பரிசு பெற்றபின் அதன் விலை ஏறியது. ஆறுகளில் எண்ணிக்கை இறங்கியது. 2008-இல் கேரள அரசு அதனைப் பிடிக்க ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தடை விதித்தது. பின்னர் ஆய்ந்தவர்களோ, அம்மீன் இனம் பெருக்கும் பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று கண்டனர். தடையின் பெரும்பகுதி தவறான மாதங்களில் விழுந்திருந்தது! நோக்கத்தில் பிழையில்லை, மீனைக் கேளாமல் விதி எழுதியதே பிழை.

நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடையை நீங்கள் அறிவீர்கள். அது கடலுக்குரியது. கழியின் சிறுமீனுக்கும் உங்கள் கைவலைக்கும் அதனால் தொடர்பில்லை. உங்களுக்கு உரிய விதி வேறு. கழுவெளியின் 5,151.60 ஹெக்டேர் பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பறவைகளின் பெயரால் அமைந்தது என்பதால் மீனுக்குக் காப்பில்லை என்று எண்ணுதல் பெரும்பிழை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலிருந்து எவ்வுயிரையும் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாகாது. ஆய்வுக்காகவேனும் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். எல்லைக்கு வெளியிலும் சில உயிர்களுக்குக் காப்பு உண்டு. கடற்குதிரையும் அதன் சுற்றமான குழல்மீன்களும் 2001-இல் இச்சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கழிமுகப் பாசியில் கைவலையை இழுத்தால் குச்சிபோன்ற குழல்மீன் வருவது அரிதன்று. வந்தால் நீரைவிட்டு எடுக்காமலே விட்டுவிடுக. அயல்நாட்டு நண்பர் எவரேனும் மாதிரி அனுப்பக் கேட்டால், 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதனைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையிடம் சென்னையிலேயே இருக்கிறது.

இக்கழியை நம்பி வாழும் மீனவரின் உரிமை தனியே பேசப்பட வேண்டிய பெரும்பொருள். அதனைப் பொழுதுபோக்காளரின் விருப்பத்தோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. நமக்கு அவர்கள் ஆசிரியர்கள் என்பதை மட்டும் சொல்வேன்.

அண்மையில் ஒரு தை மாதக் காலையில், சரணாலய எல்லைக்கு வெளியே, ஐந்து மாணவரோடு கால்வாய்க் கரையில் நின்றேன். முன்னரே சில கட்டுப்பாடுகள் செய்துகொண்டோம். வலை ஒன்றே, பிடித்ததைப் புட்டியில் வைத்துப் பார்த்து, படம் வரைந்து, நீளமும் நீரின் உவர்ப்பும் குறித்துப் பிடித்த இடத்திலேயே விடுவது, வீட்டுக்கு ஒன்றும் கொண்டுபோவதில்லை. அவ்வழியே வலையோடு வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்தார். "கறிக்கா தம்பி, வேடிக்கைக்கா?" என்று கேட்டார். "படிப்புக்கு, ஐயா" என்றார் மாணவர். அவர் சிரித்தார். பின்பு புட்டியில் இருந்த கரிமீனைச் சற்றே உற்றுப் பார்த்து, "இது குஞ்சோடு நின்றது தம்பி, இணை அங்கே சுற்றுகிறது பாருங்கள்" என்று கரையோரக் கல்லைக் காட்டினார்.

எங்கள் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரம் குனிந்து பார்த்தபின், கல்லருகே கலங்கல் நீரில் மற்றொரு மீன் முன்னும் பின்னும் விரைவதும், அதன் அடியில் கரும்புள்ளிகள்போல் ஒரு கூட்டம் அசைவதும் புலப்பட்டன. மாணவர் புட்டியைக் கல்லுக்கு அருகில் கொண்டுசென்று, நீருக்குள் மெல்லச் சாய்த்தார். தம் குறிப்பேட்டில் அந்த மீனின் நீளத்துக்காக விட்டிருந்த இடத்தை அவர் வெறுமையாகவே வைத்திருக்கிறார்.