குத்துக்கல்லுக்கும் புல எண் வேண்டும்

ஆளுயர நெடுங்கல்லை ஊரார் சாமியாகக் கும்பிடுவார்கள். அதன்மேல் யாரும் கை வைப்பதில்லை. முழங்கால் அளவே வெளியே தெரியும் குத்துக்கல்லுக்கு அந்தக் காவல் கிடையாது. சேலம், நாமக்கல் சமவெளியில் உழவு, மனைப்பிரிவு, கோழிப்பண்ணை என எது வந்தாலும் முதலில் பிடுங்கப்படுவது அதுதான்.

அந்தக் கற்களின் மதிப்பு அவற்றின் அமைப்பில் இருக்கிறது. வட்டமாக நின்றால் பெருங்கற்கால ஈமக்குழியின் எல்லை. வரிசையாக நின்றால் அது வேறு வகை. அப்படிப்பட்ட வரிசைகளை அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் தென்பகுதியில் ஆராய்ந்து ரேமண்ட் ஆல்சின் 1956-இல் எழுதினார். நான்கு கல்லைப் பெயர்த்து வரப்பில் போட்டுவிட்டால் வட்டமும் இல்லை, வரிசையும் இல்லை. ஆகவே ஒவ்வொரு கல்லின் இருப்பிடம், உயரம், இடைவெளி, திசை எல்லாவற்றையும் குறித்தாக வேண்டும். தேடலுக்கு ஊர்ப்பேச்சே முதல் துணை. பாண்டியன் குழி, பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்று ஆடு மேய்ப்பவர்கள் கைகாட்டும் இடங்களில் பெருங்கற்காலம் கிடக்கிறது.

பட்டியல்களுக்குக் குறைவில்லை. சேலம் மாவட்டத்து ஈமக்குழிகளைப் பற்றிப் பாதிரியார் மாரிஸ் பிலிப்ஸ் 1873-இலேயே எழுதினார். ராபர்ட் சீவெல் 1882-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பட்டியல் தொகுத்தார். பேராசிரியர் கா. ராஜன் குழுவின் அட்டவணை 2009-இல் வந்தது. மண்ணின் பழமைக்கும் சான்று உண்டு: மேட்டூர்ப் பக்கத்து மாங்காட்டில் கிடைத்த இரும்பு கி.மு. 1604–1416 காலத்தது என்கிறது 2025-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' நூல்.

ஆனால் நிலத்தின் தலைவிதியை எழுதுவது இந்த நூல்கள் அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடும் புல வரைபடமும்தான். ஆய்வாளரின் ஜிபிஎஸ் புள்ளி அங்கே போய்ச் சேராதவரை வாங்குபவருக்கும் தெரியாது, அனுமதி தருபவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான நெடுங்கற்களால் உலகப்புகழ் பெற்றது பிரான்சின் கார்னாக். அங்கேயே 2023-இல் ஒரு கடை கட்ட ஏறக்குறைய 40 சிறு கற்கள் அகற்றப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. கட்டட அனுமதி முறைப்படி வாங்கப்பட்டிருந்தது.

நம் ஊரில் அது நடக்காமலிருக்க வழி எளிது. தொல்லியல் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்து, கல் நிற்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே 'தொல்லியல் இடம்' என்று எழுத வேண்டும். களத்தில் அளக்கக் கல்லூரி மாணவர்கள் போதும். பட்டா மாறுதலுக்கோ மனைப்பிரிவுக்கோ கோப்பு நகரும்போது அந்தக் குறிப்பு தாசில்தார் கண்ணில் பட்டால், கல்லைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும்.