பஃபேக்குக் கிளம்புமுன் மாத்திரையா? வேண்டாமே!

அப்பாவுக்கு அறுபத்தஞ்சாவது பிறந்தநாள். மயிலாப்பூர் சவேராவிலோ, தி.நகர் ரெசிடென்சி டவர்ஸிலோ டேபிள் சொல்லியாச்சு. சந்தோஷம். அவருக்கு சர்க்கரை உண்டா? அப்படியானால் ஒரு நிமிஷம்...

எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர், 'அங்கே போனா மறந்துடுவேன்'னு ஏழரைக்கே வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். பாண்டி பஜார் நெரிசல், பேரனுக்காகக் காத்திருப்பு, போட்டோ, பேச்சு... தட்டு கைக்கு வரும்போது மணி ஒன்பதரை! கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சாப்பாடு விழுந்ததா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசியும் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம். ஏ.சி. ஹாலில் ஒருத்தருக்கு வியர்த்துக் கொட்டினால் 'களைப்பு'ன்னு விட்டுவிடாதீர்கள்.

உடனே கேக்கை ஊட்டவும் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, சாப்பாடு கண்ணில் பட்டபிறகு போடலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

சரி, கேக்? சாப்பாட்டோடு ஒரு சின்னத் துண்டு. அதற்குப் பதில் பிரியாணியில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.