ஏர் ரைஃபிள்: .177-ஆ, .22-ஆ? வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

ஏர் ரைஃபிள் வாங்கலாம் என்று தேடினால் வரும் முதல் குழப்பம் இதுதான்: .177 எடுப்பதா, .22 எடுப்பதா? பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். ஆனால் நடுவில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அது தெரியாமல் வாங்கினால் வழக்கில் போய் நிற்கும்.

அந்த எண்கள் என்ன?

குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். .177 என்றால் 4.5 மி.மீ; .22 என்றால் 5.5 மி.மீ. பொதுவாக .177 பெல்லட்டின் எடை சுமார் அரை கிராம், .22 பெல்லட் சுமார் ஒரு கிராம்.

எதில் பவர் அதிகம்?

பவர் வருவது பின்னாலிருந்து தள்ளும் காற்றில்தான். ஒரே 20 ஜூல் ஆற்றலில் அரை கிராம் பெல்லட் நொடிக்கு சுமார் 280 மீட்டர் வேகத்தில் போகும்; ஒரு கிராம் பெல்லட் 200 மீட்டரில். காற்றின் தடையை விட்டுவிட்டால், 50 மீட்டர் தூரத்தில் முதலாவது சுமார் 15 செ.மீ கீழே இறங்கும், இரண்டாவது 30 செ.மீ. அதனால் .177-இல் குறி வைப்பது சுலபம்.

அப்போ .22 எதுக்கு?

ஆற்றலை 40 ஜூலாக ஏற்றினால், அரை கிராம் பெல்லட்டின் வேகம் 400 மீட்டரைத் தொடும். அது ஒலியை விட வேகம். அந்த வேகத்தில் பெல்லட் தடுமாறி, குறி சிதறும். கனமான .22 பெல்லட் ஒலியின் வேகத்துக்குள்ளேயே நிற்கும். காற்றுக்கும் அவ்வளவாக விலகாது. பவர்ஃபுல் ரைஃபிள்களில் .22-ஐ விரும்புவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் 4.5 மி.மீட்டரைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அதாவது, பவர் குறைவாக இருந்தாலும் .22-க்கு லைசென்ஸ் தேவை. ".177 தானே" என்று ஸ்பிரிங்கை மாற்றிப் பவரை ஏற்றினால், அதுவும் இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால் பறவையைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. 2021-இல் அருணாசலப் பிரதேசத்தில், காட்டுயிர்களைக் காக்க மக்களே முன்வந்து ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள்.

சரி, எதை வாங்கலாம்?

இலக்குப் பயிற்சிதான் நோக்கம் என்றால் 20 ஜூலுக்குள் இருக்கும் .177 போதும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியிலும் 4.5 மி.மீ பெல்லட்தான். .22தான் வேணும்னா, முதலில் லைசென்ஸ், பிறகு ரைஃபிள். எதை வாங்கினாலும் பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடாதீங்க.