வேலியில் ஒரு பொட்டு

ஊரில் இருந்த காலத்தில் அயலவரோடு சிநேகிதமாக நாம் எவரும் தனியாக முயற்சி செய்ததில்லை. பங்குக் கிணற்றில் இறைப்பு முறை வந்தால் அடுத்த பங்குகாரரைக் கண்டேயாக வேண்டும். வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பிள்ளைகள் அதற்குள்ளால் போய்வருவார்கள். பிள்ளையைத் தேடிப் போகும் தாயும் அங்கே சற்று நின்று கதைப்பாள். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் அந்தக் கிணறும் இல்லை, பொட்டும் இல்லை. நாலு ஊர்ச் சனம் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கிறோம். பக்கத்துக் கொட்டிலில் பிள்ளை இருமுவது கேட்கிறது. அதன் பெயர் தெரியாது.

இது சிறிய குறையல்ல. நடுச்சாமத்தில் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால், மற்றப் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? தாய் வெங்காய நடுகைக்குக் கூலி வேலைக்குப் போனால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? அம்மம்மாவும் சின்னம்மாவும் வேறு வேறு இடங்களில் சிதறிப்போன பின்பு, இதற்கெல்லாம் கைகொடுக்கக்கூடியவர்கள் அயலிலுள்ள தாய் தகப்பன்மார்தான்.

பழக்கம் பிடிக்க வீடு வீடாகப் போகத் தேவையில்லை. கிளினிக்கில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள், முன்பள்ளி வாசல், தண்ணீர் எடுக்கும் இடம் ஆகியவற்றில் பெற்றோர் தாமாகவே கூடுகிறார்கள். முன்பள்ளியில் பிள்ளையை விட்டவுடன் திரும்பி ஓடிவராமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "உங்கடை மகளும் எங்கடை மகனும் ஒரே பாயிலைதானாம் இருக்கினம்" என்ற ஒரு பேச்சே போதும்.

கேட்கக்கூடாத கேள்விகளும் உண்டு. "எந்த ஊர்?" என்று கேட்பது வழமை. "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று அடுத்ததாகக் கேட்பது எதற்காக என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊரில் கிணற்றடியில் பார்த்த சாதியை இங்கே குழாயடிக்கும் காவி வந்தால் சிநேகிதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதுபோல, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயிடம் "அவர் எங்கை?" என்று முதற்சந்திப்பில் கேட்காதீர்கள். காணாமற்போனவரைத் தேடி அலைகிறவராக இருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் ஒருநாள் அவராகவே சொல்லுவார்.

கொடுத்தால்தான் நட்பு வளரும் என்று பலர் எண்ணுகிறார்கள். எங்கள் அனுபவத்தில், சிறிய பொருளொன்றைக் கேட்பது அதைவிட நல்ல தொடக்கம். நிவாரணம் வாங்கி வாங்கி மனம் குன்றிப்போனவருக்குத் தம்மிடமும் ஒருவர் கேட்கிறாரே என்பது பெரிய ஆறுதல். நட ஒரு முருங்கைக் கதியால் கேளுங்கள், கொஞ்சம் கறிவேப்பிலை கேளுங்கள். கறி வந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது என்பது நம் பழக்கந்தானே. காசு மாறுவதும் சீட்டுப் பிடிப்பதும் பிறகு பார்க்கலாம்; காசில் தொடங்கிய பழக்கம் காசிலேயே முறிந்ததைத்தான் நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

தகப்பன்மார் முன்பள்ளி வாசலில் நின்று கதைக்கமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு வேலை வேண்டும். வேலி அடைக்கவோ கூரை மேயவோ கூப்பிட்டால் வருவார்கள். கதை அதற்குள் தானே வரும்.

பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளையின் கதையை மட்டும் கேட்டு மற்ற வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பின்னேரம்வரை பொறுங்கள். அதற்குள் இருவரும் சேர்ந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

வந்தவர்களும் அங்கேயே இருந்தவர்களும் வேறு வேறு என்று எண்ணவேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் புறப்பட்டபோது, தென்மராட்சியில் முன்பின் தெரியாத வீடுகள் பல கதவு திறந்தன. 2000 ஆம் ஆண்டில் சண்டை தென்மராட்சிக்கு வந்தபோது, அங்கிருந்தவர்கள் வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடம்பெயர்ந்தார்கள்.

பழக்கம் ஓரளவு வந்தபின், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதை முறை வைத்துச் செய்யலாம். ஒருநாள் ஒரு வீட்டார், மறுநாள் அடுத்த வீட்டார். மற்றவர்களுக்கு அன்று காலையில் வேலைக்குப் போக முடியும். மூன்று குடும்பங்கள் போதும். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் இன்று யாருடைய முறை என்பதிலேயே பிணக்கு வந்துவிடும்.