ஈரல் பேசாமல் இருந்தால்...

ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பைப் பார்க்கிறோம். எண் அதற்குள் இருந்துவிட்டால், "அப்பாடா!" என்று சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். எஸ்.ஜி.பி.டி. என்ற வரியைப் பொறுத்த வரையில், அந்த 'அப்பாடா' சில சமயம் அவசரப்பட்டதாகி விடும்!

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் என்ஸைம்கள். ஈரலின் உயிரணுக்களுக்குள் இருந்து வேலை செய்பவை. உயிரணு சிதைந்தால் இவை ரத்தத்தில் கசிந்துவிடும். எண்ணெய் ஜாடி கீறல் விட்டால் அலமாரித் தட்டில் பிசுக்குத் தெரிகிறதல்லவா, அது போலத்தான்.

ஆனால் ஹெபடைடிஸ் 'சி' என்ற கிருமியிடம் இந்தக் கணக்குச் சரியாக வருவதில்லை. அது இருபது, முப்பது வருஷம் ஈரலில் ஓசைப்படாமல் குடியிருக்கும். பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. என்ஸைம் இன்று 90 இருக்கும்; மூன்று மாதம் கழித்து 35 இருக்கும். வியாதி போய்விட்டதென்று அர்த்தமில்லை. இந்த வியாதி நாட்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எண் எப்போதுமே வரம்புக்குள்தான் இருக்கிறது! இன்று எத்தனை உயிரணுக்கள் உடைகின்றன என்பதைத்தான் என்ஸைம் சொல்லும். இத்தனை வருஷங்களாக ஈரலில் விழுந்த தழும்பைச் சொல்லாது. ஈரல் சுருங்கிய பிறகு எண் இறங்கிவிடுவதும் உண்டு.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். பல சீட்டுகளில் வரம்பு 40 என்றே இருக்கும். பெண்களுக்கு எஸ்.ஜி.பி.டி. 25-க்குள் இருப்பதே நல்லது என்று 2017-ல் அமெரிக்க ஈரல் நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் யார் கவனிக்க வேண்டும்? இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே 1989-ல்தான். நம் நாட்டில் தானமாகப் பெற்ற ரத்தத்தில் இதைச் சோதிப்பது 2001-ல்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன்பு பிரசவத்திலோ, ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றிக்கொண்ட தாய்மார்களும், டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நலம். முதலில் 'ஆன்டிபாடி' சோதனை. அதில் கிருமி வந்து போன தடயம் தெரிந்தால், கிருமி இன்னும் இருக்கிறதா என்று காட்டும் 'ஆர்.என்.ஏ.' சோதனை.

இருப்பதாகத் தெரிந்தால் இடிந்துபோக வேண்டாம். இப்போதுள்ள மாத்திரைகளைச் சாதாரணமாகப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குக் கிருமி அடியோடு போய்விடுகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து மனத்தை நோக அடிக்க வேண்டியதில்லை. சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது. சவர பிளேடையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

அம்மா தன் பிரசவ காலத்துக் கஷ்டங்களை எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள். இன்று சாயங்காலம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்போது உனக்கு ரத்தம் ஏற்றினார்களா, அம்மா?"